நக்கவாரத்துத் தாழ்வாரம்

வீட்டில் ஓர் அறை போதவில்லை என்னும் பேச்சு எழாத குடும்பம் இல்லை. அதிலும், பிறந்த ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து வாழும் நம்போன்றோர் இல்லங்களில், விடுமுறைக் காலம் நெருங்குந்தோறும் அப்பேச்சு தவறாமல் எழும். ஆண்டெல்லாம் இருவர் வாழும் வீட்டிற்கு ஒரே கிழமையில் எழுவர் வந்து சேர்வர். பாயும் தலையணையும் கடன் வாங்கப் பெறும். அவர்கள் போன பின்பு வீடு மீண்டும் பெரிதாகிவிடும். இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் பலர்க்கும் இது புதிய செய்தியன்று.

என் வீட்டில் அப்பேச்சு சென்ற மாதம் எழுந்தது. பெங்களூரில் பணியாற்றும் மகள் கணவனோடும் இரு குழந்தைகளோடும் டிசம்பர் விடுமுறைக்கு வருகிறாள். போர்ட் பிளேரில் (2024ஆம் ஆண்டு முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம், ஆனால் என் நாக்கு இன்னும் பழக்கப்படவில்லை) நாங்கள் வாழும் மாடிப் பகுதியில் படுக்கையறை இரண்டு. முன்புறம் கடலை நோக்கிப் பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட ஒரு பால்கனி. "அதை அடைத்துவிட்டால் ஓர் அறை ஆயிற்று" என்றாள் என் மனைவி. கொத்தனாரும் வந்து பார்த்தார். செங்கல் சுவர், ஒரு சன்னல், ஒரு கதவு, பத்து நாள் வேலை என்றார். தொகையும் சொன்னார். எல்லாம் முறையாகவே இருந்தன. நான் மட்டும் "யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

அரசின் கட்டுமானப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே, என் தயக்கத்துக்குக் காரணம் கேட்டபோது மனைவியிடம் கணக்குச் சொன்னேன். பத்தடி நீளமும் எட்டடி உயரமும் உள்ள அரைக்கல் சுவர் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையிருக்கும். சன்னலுக்கும் கதவுக்கும் இடம் விட்டுக் கழித்தாலும் ஒரு டன்னுக்குக் குறையாது. பால்கனி என்பது தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீட்டி நிற்கும் பலகம். அதன் வெளி விளிம்பில் அவ்வளவு சுமையை ஏற்றுவது, நீட்டிய கையின் நுனியில் நீர் நிறைந்த குடத்தைத் தொங்கவிடுவது போன்றது. நாம் வாழும் தீவுகளோ இந்திய நாட்டின் நிலநடுக்க வரைபடங்களில் மிகக் கடுமையான மண்டலத்தில் உள்ளவை. 1881இலும் 1941இலும் 2004இலும் இங்கு நிலம் எவ்வாறு ஆடியது என்பது ஏட்டில் உள்ளது.

சொன்னவை எல்லாம் உண்மையே. ஆயினும் என் தயக்கத்தின் வேர் அக்கணக்கில் இல்லை. அது கார் நிக்கோபாரில், 1980ஆம் ஆண்டு மே மாதத்து மழையிரவு ஒன்றில் இருக்கிறது. மனைவியிடம் அதை நான் இதுவரை முழுமையாகச் சொன்னதில்லை. மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டபோது, எழுதிவிட்டால் சொன்னதாகிவிடும் என்று தோன்றியது.

கார் நிக்கோபாரைப் பலர் பெயரளவில் அறிவர். இராமேசுவரத்திலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால், அது வன்னி நிலத்தைக் கடந்து, வங்கக் கடலின் அகலம் முழுவதையும் கடந்து, ஏறக்குறைய இத்தீவைத் தொடும். பரப்பு 127 சதுரக் கிலோமீட்டர் அளவே. மலையில்லை, பவளப் பாறைமேல் அமைந்த தட்டையான நிலம். எங்கும் தென்னை. 1030ஆம் ஆண்டைச் சார்ந்த தஞ்சைக் கல்வெட்டு இராசேந்திர சோழன் கொண்ட நாடுகளுள் மாநக்கவாரத்தையும் ஒன்றாகக் கூறுகிறது. நிக்கோபார்த் தீவுகளையே அப்பெயர் குறிக்கிறது என்பர் வரலாற்றறிஞர். பின்னர் டேனியர் தரங்கம்பாடியிலிருந்து வந்து இத்தீவுகளில் குடியேற முயன்று, காய்ச்சலுக்கு ஆள்களைப் பலி கொடுத்தனர். 1868இல் உரிமையை விட்டு நீங்கினர். ஆகவே தமிழ்க் கரைக்கும் இத்தீவுகளுக்கும் உள்ள உறவு என் தந்தையோடு தொடங்கியதன்று. ஆனால் படையோடும் கொடியோடும் வந்தவர்களைப் போலன்றி, ஒரு தகரப் பெட்டியோடும் ஆட்டுக்கல்லோடும் வந்தவர் அவர்.

அங்கு நம்போன்ற வெளியார் நிலம் வாங்க இயலாது. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அதைத் தடுக்கிறது. இசைவுச் சீட்டு இல்லாமல் தீவில் கால் வைக்கவும் இயலாது. அது நல்ல சட்டம் என்பதே என் கருத்து. அது இல்லையேல் அந்தத் தென்னஞ் சோலைகளெல்லாம் இன்று யார் யாருடைய விடுமுறை மாளிகைகளுக்கோ தோட்டமாகியிருக்கும். எங்களுக்கும் சொந்த வீடு இல்லை. அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக 1974இல் மாற்றலாகி வந்த என் தந்தைக்கு, கிழக்குக் கரையில் மலாக்காப் பகுதியில் ஓர் அரசுக் குடியிருப்பு கிடைத்தது. ஒரு கூடம், ஓர் அடுக்களை, முன்னால் நீண்ட தாழ்வாரம். மேலே தகரக் கூரை. கூடத்தைவிடத் தாழ்வாரமே எங்களுக்கு வீடு.

அத்தீவில் பொழுது நம் கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. மே மாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே கதிரவன் எழுவான். மாலை ஐந்தரைக்கெல்லாம் மறைந்துவிடுவான். அலுவலகம் விட்டு வந்து தேநீர் குடிப்பதற்குள் இருட்டும். மாலைப் பொழுது முழுவதும் தாழ்வாரத்திலேயே கழியும். அம்மாவின் ஆட்டுக்கல் அங்கே. மழைக் காலத்தில் துணி உலரும் கொடி அங்கே. என் தங்கையர் பாடம் படித்த சிம்னி விளக்கும் அங்கே. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தைத் தொடுவதற்குப் பல நாள் முன்பே, மே மாதத்தின் மூன்றாம் வாரத்தில் நிக்கோபாரை வந்தடைந்துவிடும். அப்போது வீட்டின் மேற்குச் சன்னல்களைத் திறக்க முடியாது. சாரல் கூடம் வரை அடிக்கும். கிழக்கு நோக்கிய தாழ்வாரம் ஒன்றே நனையாத இடம், காற்றுள்ள இடம்.

நாள்தோறும் மாலையில் மலாக்காக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வருவார். நிக்கோபாரியர். தந்தைக்கு அவர் மொழி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ஒருவர் பிழையை மற்றவர் அறியாதவராய், மகிழ்ச்சியாகப் பேசிக்கொள்வர். இரண்டு இளநீரைத் தாழ்வாரத்துப் படியில் வைத்துவிட்டுத் தூணில் சாய்ந்து அமர்வார். வெற்றிலையில் இருவர்க்கும் ஒற்றுமை. சில நாள் ஒன்றும் பேசாமலே எழுந்து போவதும் உண்டு.

அவர் வீட்டுக்கு நாங்களும் போவோம். நிக்கோபாரியரின் பழைய வட்டக் குடிலைக் காணாதவர்க்கு அதை விளக்குவது கடினம். கவிழ்த்த பெருங்கூடை போன்ற புல்வேய்ந்த வீடு. ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள பருத்த மரத்தூண்கள்மேல் நிற்கும். ஏணி வழியே தரையிலுள்ள திறப்பின் ஊடாக மேலே ஏற வேண்டும். மேலே ஒரே அறை; எல்லாரும் அங்கேயே உறங்குவர். கீழே தூண்களுக்கிடையே சுவரில்லாத நிழல். பகலில் அமர்வது, கூடை பின்னுவது, தேங்காய் உடைப்பது, வந்தவரோடு பேசுவது எல்லாம் அங்கேதான். நாம் வீட்டின் முன்னால் ஒரு தாழ்வாரத்தை ஒட்டவைக்கிறோம். அவர்களோ தாழ்வாரத்தின்மேல் ஒரு வீட்டை ஏற்றி வைத்திருக்கிறார்கள். துஹேத் என்பது அவர்களின் கூட்டுக் குடும்பம். நிலமும் தென்னையும் பன்றிகளும் அதற்கே உரியவை. அதனால் "இது என் அறை" என்னும் தொடரை அவர்கள் மொழியில் எவ்வாறு சொல்வது என்று நான் பின்னாளில் எண்ணிப் பார்த்ததுண்டு.

அத்தொடரைச் சொல்லக் கற்றவன் நான். 1977இல் என்னைப் பாளையங்கோட்டைக்குப் படிக்க அனுப்பினார்கள். பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்பது தந்தையின் பிடிவாதம். மாணவர் விடுதியில் நாற்பது பேர்க்கு ஒரே கூடம். விடுமுறைக்கு வருவதென்றால் இரயிலில் சென்னை. அங்கிருந்து கப்பலில் மூன்று நாள் போர்ட் பிளேர். அங்கே அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பு. பின்னர் பத்துப் பாகைக் கால்வாயைக் கடந்து ஓர் இரவு. இரண்டு மாத விடுமுறையில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போகும். வந்து சேர்ந்த வீட்டிலும் பாட்டியும் தங்கையரும் அத்தையும் நிறைந்த கூடத்தில் காலை நீட்ட இடமில்லை. பதினான்கு வயதுப் பையனின் எரிச்சலோடு, "விடுதியும் இதுவும் ஒன்றுதான்" என்று ஒரு முறை சொல்லிவிட்டேன். அம்மா அழவில்லை, ஆனால் தந்தை கேட்டுக்கொண்டிருந்தார்.

மறு ஆண்டு, 1979 ஏப்பிரலில் நான் வந்தபோது, தாழ்வாரத்தின் வடபாதி அறையாகியிருந்தது. கடிதத்தில் ஒரு சொல்லும் எழுதாமல் செய்திருந்தார். அரசு வீடாயிற்றே, "தற்காலிகமாக அடைத்துக்கொள்ள" இசைவு கேட்டு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினாராம். மறுமொழி வரவில்லை. மறுப்பு வராததே இசைவு என்று கொண்டார். எழுத்தர்களின் சட்ட அறிவு சில இடங்களில் மிக நுட்பமானது. கப்பலில் சரக்கு வந்த பெட்டிகளின் பலகைகளை அலுவலக நண்பர்களிடம் கேட்டு வாங்கினார். போர்ட் பிளேரிலிருந்து நான்கு கர்ஜன் மரச் சட்டங்களை விலைக்கு வருவித்தார். தச்சர் ஒருவரோடு தாமும் நின்று அடித்தார். சில பலகைகளில் சரக்கு முத்திரையின் எழுத்துகள் உள்பக்கமாகத் தெரியும். படுத்தபடியே அவற்றைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு சன்னல். ஒரு கதவு. கதவின் உள்பக்கம் பளபளக்கும் பித்தளைத் தாழ்ப்பாள். அறை முழுவதிலும் புதிதாக விலை கொடுத்து வாங்கிய அழகுப் பொருள் அதுவொன்றே. சம்பளத்தில் எத்தனை நாள் அதற்குப் போயிற்று என்பதை நான் கேட்கவில்லை.

கட்டடக் கலை தெரிந்த பின்பு எண்ணிப் பார்த்தால், அந்த அறையில் பிழையில்லாத இடமே இல்லை. தாழ்வாரத்துத் தரை மழைநீர் வெளியே ஓடுவதற்காகக் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். அதை அடைத்ததும், நீர் வெளியேற வழியில்லாமல் பலகைச் சுவரின் அடியில் தேங்கியது. கட்டிலும் சரிந்தது, இரண்டு கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்துச் சமன் செய்தார் தந்தை. கூரையும் வெளிப்புறம் தாழ்ந்து வருவதால், நான் சற்று வளர்ந்தவுடன் சன்னலருகே குனிந்தே நிற்க வேண்டியதாயிற்று. உப்புக் காற்றில் ஆணிகள் ஓராண்டுக்குள் துருப்பிடித்துப் பலகைகளில் பழுப்புக் கண்ணீர் வடித்தன. இவையெல்லாம் என் அறையின் குறைகள். அதைவிடப் பெரிய குறை உள்ளே இருந்த கூடத்துக்கு நேர்ந்தது. மேற்கே சாரலுக்காகச் சன்னலை அடைக்க வேண்டும். கிழக்கே என் அறை. நடுவில் கூடம் பகலிலும் இருண்டது. பாட்டியின் படுக்கையில் பூஞ்சணம் பூத்தது. நனைந்த துணிகளை அம்மா அடுக்களையில் அடுப்புப் புகைமேல் கட்டினார். அந்த ஆண்டு முழுவதும் எங்கள் சட்டைகளில் புகை மணந்தது. ஆட்டுக்கல் அடுக்களைக்குப் போயிற்று; அத்துடன் அம்மாவும் போனார்.

பெரியவர் வந்தார். அவர் சாயும் தூண் என் சுவருக்குள் சென்றுவிட்டிருந்தது. தென்பாதி இன்னும் திறந்தே இருந்தது. "இங்கே அமருங்கள்" என்று தந்தை பாய் விரித்தார். சற்று நேரம் அமர்ந்துவிட்டு, பலகைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ளே யார்?" என்று கேட்டார். "பையன், விடுமுறைக்கு வந்திருக்கிறான்." "தனியாகவா? உடம்பு நலமில்லையா?" என்றார். அவர் வீட்டில் ஒருவரைத் தனியே படுக்கவைப்பதற்கு வேறு காரணம் இருக்க முடியாது போலும். நாங்கள் சிரித்தோம். அதன் பின்னரும் அவர் வருவதை விடவில்லை. ஆனால் முற்றத்தில் நின்றபடியே இளநீரைக் கொடுத்துவிட்டு, இரண்டு சொற்கள் பேசிவிட்டுத் திரும்பிவிடுவார்.

இனி அந்த இரவைச் சொல்கிறேன்.

1970களில், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றை அரசு கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தியது. சாத்திரி, சிறிமாவோ ஆகிய இருவரும் 1964இல் செய்த உடன்பாட்டால் இடம் பெயர்ந்தவர்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மலையை விட்டுத் தாம் கண்டிராத தாயகத்துக்கு வந்து, அங்கும் நில்லாமல், கப்பலேறி இன்னொரு தீவுக்குச் சென்றவர்கள். 1980 மே மாத இறுதியில், அவ்வாறு கச்சாலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று கார் நிக்கோபாரில் இறங்க நேர்ந்தது. குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். மருத்துவமனையில் மருந்து கொடுத்தார்கள், கப்பல் போய்விட்டது. கணவன், மனைவி, கிழவி, இரு குழந்தைகள். ஊரில் தமிழர் வீடு எது என்று கேட்டு, கொட்டும் மழையில் எங்கள் வாயிலுக்கு வந்தார்கள்.

அது புதிய நிகழ்ச்சியன்று. அதற்கு முன்னும் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் பலர் எங்கள் தாழ்வாரத்தில் படுத்து எழுந்து போயிருக்கிறார்கள். அம்மா உலையில் இன்னும் ஒரு படி அரிசி போடுவார், தந்தை பாய் விரிப்பார், அவ்வளவே. ஆனால் அந்த இரவில் விரிப்பதற்குத் தாழ்வாரம் பாதிதான் இருந்தது. அதிலும் காற்று திசை மாறிச் சாரல் அடித்தது. கூடத்தில் பாட்டியும் அத்தையும் தங்கையரும் படுத்திருந்தனர். உணவு முடிந்தது. தந்தை என் அறைக் கதவைத் தட்டினார்.

நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவர்கள் வந்தது முதல் எல்லாவற்றையும் பலகைகளின் இடுக்கு வழியே கேட்டுக்கொண்டிருந்தேன். எதற்காகத் தட்டுகிறார் என்பதும் தெரியும். எழுந்து கதவைத் திறந்தால் கட்டிலைக் கொடுக்க வேண்டும். கூடத்தின் மூலையில் சுருண்டு கொள்ள வேண்டும். இன்னும் பதினைந்து நாளில் கப்பலேறப் போகிறவன் நான். இந்த அறை எனக்காகக் கட்டியது. தகரக் கூரைமேல் மழை அறைந்துகொண்டிருந்தது. கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். தந்தை இரண்டாம் முறை தட்டினார். பெயர் சொல்லி அழைத்தார். மூன்றாம் முறை தட்டவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சற்றைக்கெல்லாம் முற்றத்தில் அரிக்கேன் விளக்கின் வெளிச்சம் தெரிந்தது. பெரியவரின் குரல். காய்ச்சல் குழந்தையோடு தமிழர் வந்திருக்கும் செய்தி கிராமத்துக்கு எட்டியிருக்கிறது. ஏதோ பேசினார்கள். பின்னர்ப் பல கால்கள் சேற்றில் நடக்கும் ஓசை மழையில் தேய்ந்து மறைந்தது.

காலையில் தந்தை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா இட்டலித் தட்டை வைத்தபோது, "நல்ல தூக்கமா?" என்று மட்டும் கேட்டார். அதில் குத்தல் இருந்ததா என்பதை என்னால் இன்றுவரை முடிவு செய்ய இயலவில்லை. அக்குடும்பம் அடுத்த கப்பல் வரும்வரை பெரியவர் வீட்டிலேயே தங்கியது. குழந்தை பிழைத்துக்கொண்டது. புறப்படும் நாளில் அந்தக் கிழவி எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விடைபெற்றாள். என் கன்னத்தைத் தடவி, "நல்லாப் படிங்க ராசா" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறு ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது, அறை இருந்தது, கட்டில் இருந்தது, கதவும் இருந்தது. பித்தளைத் தாழ்ப்பாள் மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் திருகாணித் துளைகள் நான்கு. எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. 1983இல் தந்தைக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றலாயிற்று. புறப்படுமுன், விண்ணப்பத்தில் எழுதியபடியே, பலகைகளையெல்லாம் பிரித்துத் தாழ்வாரத்தைப் பழையபடி ஆக்கிவிட்டு வந்தார்.

பள்ளியிலும் பின்னர்க் கல்லூரியிலும் தமிழாசிரியர்கள் திருக்கோவலூர் இடைகழிக் கதையை நடத்தும்போதெல்லாம் எனக்கு உடல் கூசும். மழையிருளில் ஒரு வீட்டின் இடைகழியில் ஆழ்வார் ஒருவர் படுத்திருக்கிறார். இன்னொருவர் வருகிறார், ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாம் என்று எழுந்து அமர்கிறார். மூன்றாமவரும் வருகிறார், மூவரும் எழுந்து நிற்கின்றனர். பொய்கையார், பூதத்தார், பேயார் என்னும் மூவர் பெயரையும் வகுப்பில் எல்லாரும் உரக்கச் சொல்வோம். அந்த இடைகழிக்கு ஒரு கதவும் உள்ளே ஒரு தாழ்ப்பாளும் இருந்திருந்தால் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆசிரியர் குறும்பு என்று எண்ணியிருப்பார்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, கிறித்துமசுக்கு மறுநாள். காலை ஆறரை மணி அளவில் நிலம் ஆடியது. பின்னர்க் கடல் வந்தது. கார் நிக்கோபாரின் கரையோர ஊர்கள் அழிந்தன. மலாக்காப் பகுதியில் விமானப் படைக் குடியிருப்பில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீவின் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது என்று பின்னர் அளந்து கண்டார்கள். மறு ஆண்டு பிப்பிரவரியில் மறுசீரமைப்புப் பணிக்காக நான் அங்கு அனுப்பப்பெற்றேன். எங்கள் பழைய குடியிருப்பைத் தேடிப் போனேன். சுவர் இல்லை, கூரை இல்லை. தளம் மட்டும் மணலுக்கிடையே கிடந்தது. கூடம் எது, அடுக்களை எது என்று காலால் அளந்து கண்டேன். தாழ்வாரத்தைக் காண்பதற்கு அளவு தேவைப்படவில்லை. அன்று காலை பெய்த மழைநீர் அந்தச் சரிவில் ஓடி விளிம்பில் சொட்டிக்கொண்டிருந்தது. முன்பு முற்றம் இருந்த இடத்தில் கடல்.

பெரியவர் அதற்குப் பல்லாண்டு முன்பே மறைந்துவிட்டார். அவர் குடும்பத்தார் உள்நாட்டுக் காட்டுக்குள் ஓடிப் பிழைத்தவர்கள், மற்றவர்களோடு தகரக் கொட்டகைகளில் இருந்தனர். நண்பகலில் அக்கொட்டகைக்குள் நிற்க முடியாது. ஒவ்வொரு கொட்டகையின் முன்னும் தென்னோலையால் ஒரு பந்தல் இழுத்திருந்தார்கள். மக்களெல்லாம் அதன் கீழ்தான் இருந்தார்கள். பின்னர் நிலையான வீடுகள் கட்டப்பட்டன. கம்பங்கள்மேல் நிற்பவை, உறுதியானவை, நான் குறை கூற மாட்டேன். ஆனால் கணவன், மனைவி, மக்கள் என்று எண்ணிக் குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கணக்கிட்டார்கள். துஹேத் என்னும் பெருங்குடும்பம் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. படிவத்தை நிரப்பியவர்களுள் நானும் ஒருவன்.

2012இல் மீண்டும் பணிக்காகப் போனபோது, பெரியவரின் மகளைக் கண்டேன். முதியவராகியிருந்தார். அரசு கொடுத்த வீட்டின் அடியில், கம்பங்களுக்கிடையே பலகை பரப்பி, பாய் விரித்து, பழைய குடிலின் கீழ்ப்பகுதியைப் போலவே ஆக்கியிருந்தார்கள். மேல் வீட்டில் பெட்டிகளை வைத்துவிட்டுப் பகலெல்லாம் கீழேயே இருப்பதாகச் சொன்னார். என்னையும் அங்கேயே அமர்த்தி இளநீர் கொடுத்தார். என் தந்தையின் பெயரைச் சொன்னதும் அவர்க்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. "சிலோன் பாட்டி" என்று தொடங்கி, அந்த மழையிரவை அவரே இந்தியில் சொன்னார். காய்ச்சல் குழந்தையை நெருப்பருகே படுக்கவைத்தார்களாம். மேலே அன்று பதினாறு பேர் படுத்தார்களாம்; புரண்டு படுக்க வேண்டுமென்றால் எல்லாரும் சேர்ந்து புரள வேண்டும் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "அன்று நீ எங்கே இருந்தாய்? ஊரிலா?" என்று கேட்டார்.

"இங்கேதான். தூங்கிக்கொண்டிருந்தேன்" என்றேன்.

அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒன்றும் இல்லை என்று நம்புகிறேன்.

இவ்வளவையும் சென்ற கிழமை எழுதி முடித்து மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர், "அதற்காக நம் பேரக்குழந்தைகள் கூடத்தில் மிதிபட வேண்டுமா?" என்றாள். ஒரு வகையில் அவள் கேள்வியும் நேர்மையானதே. பிள்ளைக்கு இடம் வேண்டும் என்று தவிப்பது தவறு என்றால், முதலில் என் தந்தையைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு மனம் வராது. அந்தப் பெட்டிப் பலகைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தவர் அவர்.

ஆகவே, ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். செங்கல் சுவர் இல்லை. கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். பலகத்தின் விளிம்பில் சுமை ஏறாதபடி, மேல் தளத்திலிருந்து தொங்கும் மூங்கில் தட்டிகள்; மழைக்குத் தடித்த கித்தான் திரை. விடுமுறை முடிந்ததும் சுருட்டி ஏற்றிக் கட்டிவிடலாம். கொசுவலைக்கு நான்கு கொக்கிகள். மகளிடமும் தொலைபேசியில் சொல்லியாயிற்று. குழந்தைகள் கூடாரம் என்று கூத்தாடுகிறார்களாம். தட்டிக்கு அளவெடுக்க வரும் ஞாயிறு ஆள் வருகிறார்.

கூடத்திலிருந்து பால்கனிக்குச் செல்லும் வாயிலில் மட்டும் கதவு ஒன்று வேண்டும் என்கிறாள். மருமகனும் உடன் வருவதால் அது தேவைதான். கதவு இருக்கட்டும், தாழ்ப்பாள் வேண்டாம் என்கிறேன் நான். காற்றுக்கு அடித்துக்கொண்டே இருக்குமே என்கிறாள். பேச்சு அங்கே நிற்கிறது.